குதிரையை நேர்க்கோட்டில் பின்னோக்கி நடக்கப் பழக்குவது எப்படி?



கொங்குப் பகுதியில் ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழா தொடங்கிவிட்டால், மாட்டுச் சந்தையோடு குதிரைச் சந்தையும் களைகட்டும். மார்வாரி, கத்தியவாரி, நாட்டு மட்டக்குதிரை என்று பல வகைக் குதிரைகள் அங்கே கைமாறும். ரேக்ளா பந்தயத்துக்கும் வண்டிக்கும் கோயில் ஊர்வலத்துக்கும் வாங்குபவர்கள் உண்டு. ஆசைக்கு ஒன்று வாங்கித் தோட்டத்தில் கட்டுபவர்களும் உண்டு. வாங்கும்போது பல்லைப் பார்ப்போம், சுழியைப் பார்ப்போம், ஓட்டிப் பார்ப்போம். "நாலு அடி பின்னே நடக்க வையுங்கள், பார்க்கலாம்" என்று கேட்பவர் மிகக் குறைவு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்தில், புதிதாக வாங்கி வந்த பெண் குதிரையை மினி லாரியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். வேறு வேலையாக அங்கே போயிருந்த நானும் உதவிக்குச் சென்றேன். குதிரையின் தலை ஓட்டுநர் அறைப் பக்கம் இருந்தது. திரும்ப இடமில்லை. பின்னோக்கித்தான் இறங்க வேண்டும். அது அசையவில்லை. நாங்கள் நான்கு பேர் கயிற்றைப் பிடித்தோம், தள்ளினோம், அதட்டினோம். குதிரை தலையைத் தூக்கிக்கொண்டு ஒரே பாய்ச்சலாகப் பின்னே வந்தது. உடல் கோணலாகத் திரும்பியதால் வலது பின்னங்கால் சாய்வுப் பலகையின் ஓரத்தைத் தாண்டி இறங்கிவிட்டது. முட்டிக்குக் கீழே தோல் உரிந்து எலும்பு தெரிந்தது. காயம் ஆறி அது ஒழுங்காக நடக்க இரண்டு மாதங்களுக்கு மேல் ஆயிற்று. கயிற்றைப் பிடித்து இழுத்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் அந்தக் கால் இன்றும் என் நினைவில் இருக்கிறது.

அங்கிருந்த வயதான ஜட்கா வண்டிக்காரர் ஒருவர் பிறகு சொன்னார்: "சார், குதிரை இழுத்ததால கத்துக்காது. நீங்க எப்ப விடுறீங்களோ, அப்பத்தான் கத்துக்கும்." இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் பயிற்சி முழுவதற்கும் அதுதான் அடிப்படை.

பின்நடை எதற்குத் தேவை?

- வண்டியின் இரண்டு ஏர்க்கால்களுக்கு நடுவே குதிரையைப் பின்னோக்கி நிறுத்திப் பூட்டுவதற்கு
- குறுகிய லாயத்திலிருந்தும் சந்திலிருந்தும் திருப்பாமல் வெளியே கொண்டுவருவதற்கு
- லாரி, மினி லாரியிலிருந்து இறக்குவதற்கு
- ஊர்வலத்தில் கூட்டம் நெருக்கும்போது யார் மீதும் மோதாமல் இரண்டடி விலக்குவதற்கு
- தீவனத் தொட்டியில் வாளியைக் கவிழ்க்கும்போது நம்மை இடிக்காமல் ஒதுங்கி நிற்பதற்கு

இவை எல்லாவற்றிலும் பின்னே நடந்தால் மட்டும் போதாது, நேராக நடக்க வேண்டும். கோணலாகப் பின்வாங்கும் குதிரை சுவரில் இடுப்பை இடித்துக்கொள்ளும், ஏர்க்காலை முறிக்கும், பக்கத்தில் நிற்பவரை நசுக்கும். நம் ஊர்த் தோட்டங்களில் இன்னும் பல கிணறுகள் கைப்பிடிச் சுவர் இல்லாமல் இருக்கின்றன. கிணற்றோரம் பின்வாங்கும் குதிரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

குதிரைக்கு ஏன் இது கடினம்?

முதல் காரணம் பார்வை. குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். ஆனால் அதன் வாலுக்கு நேர் பின்னால் இருப்பது அதற்குத் தெரியாது. நெற்றிக்கு நேர் முன்னால், மூக்குக்குக் கீழே உள்ள சிறிய இடமும் தெரியாது. பின்னே நடக்கச் சொல்வது, கண் தெரியாத இடத்துக்குப் போகச் சொல்வதுதான். ஓடித் தப்பிப் பிழைக்கும் பிராணிக்கு அது அச்சம் தருவது இயல்பு. பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தலையை ஒரு பக்கம் திருப்பும். தலை ஒரு பக்கம் திரும்பினால் பின்பாகம் மறுபக்கம் விலகும். கோணல் அங்கேதான் தொடங்குகிறது.

இரண்டாவது காரணம் எடை. நிற்கும் குதிரையின் உடல் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் இருக்கிறது. பின்னே நடக்க வேண்டுமானால் எடையைப் பின்னங்கால்களுக்கு மாற்றி, முதுகைச் சற்று மேலே வளைத்து, இடுப்பைத் தாழ்த்த வேண்டும். நாம் கயிற்றை மேல்நோக்கி இழுத்தால் தலை உயரும். தலை உயர்ந்தால் முதுகு குழியும். முதுகு குழிந்தால் பின்னங்கால்கள் தரையில் ஊன்றிக்கொள்ளும். அதாவது, நாம் இழுக்க இழுக்க அது பின்னே போக முடியாத நிலைக்குத்தான் தள்ளப்படுகிறது. மேலும் இழுத்தால் முன்னங்கால்களைத் தூக்கி நிமிரும், நிலை தவறி மல்லாந்து விழவும் செய்யும். ஆளுக்கும் குதிரைக்கும் உயிராபத்து அது.

சரியான பின்நடையில் கால்கள் குறுக்கு இணையாக நகரும். முன் இடது காலும் பின் வலது காலும் ஒன்றாக எழும், அடுத்து முன் வலதும் பின் இடதும் எழும். ஒன்று, இரண்டு என்று இரண்டு தாளமாகக் கேட்கும். கால்களை இழுத்துக்கொண்டும் தாளம் தப்பியும் வந்தால், அவசரப்படுத்துகிறோம் அல்லது அதற்கு எங்கோ வலிக்கிறது என்று பொருள்.

தொடங்கும் முன் கவனிக்க வேண்டியவை

வயது: மனிதர் கைக்குப் பழகிய குட்டியைத் தலைக்கயிற்றில் ஓரிரு அடி பின்னே நகரப் பழக்கலாம். அதில் தவறில்லை. ஆனால் வண்டியில் பூட்டியோ, ஆள் ஏறி உட்கார்ந்தோ பழக்குவதற்கு மூன்று வயதாவது நிறைய வேண்டும். குதிரையின் முதுகெலும்பு முழு வளர்ச்சி அடைய ஐந்து வயதுக்கு மேலாகிறது. இளம் குதிரையைப் பல அடி தூரம் பின்னே நடத்தினால் முதுகும் பின்னங்கால் மூட்டுகளும் பாதிக்கப்படும்.

இடம்: சமதளமான, உலர்ந்த, சற்று மென்மையான மண் தரை. லாடம் அடித்த குதிரைக்குச் சிமெண்ட் களம் வழுக்கும், அதைத் தவிர்க்கவும். முள்கம்பி வேலி, கிணறு, வாய்க்கால், மின்கம்ப இழுவைக் கம்பி ஆகியவை அருகில் இருக்கக் கூடாது. குதிரை செல்லப்போகும் தடத்தை நீங்களே ஒருமுறை நடந்து பார்த்துக் கல், கட்டை, குழிகளை அப்புறப்படுத்துங்கள். முதல் நாளில் ஒரு கல்லில் கால் தட்டினால்கூடப் பின்னே போவது ஆபத்து என்று அது மனதில் பதித்துக்கொள்ளும்.

பொருட்கள்:

- நன்றாகப் பொருந்தும் தலைக்கயிறு. மூக்கின் மேல் வரும் பட்டை மென்மையான குருத்தெலும்பின் மேல் இருக்கக் கூடாது. கன்ன எலும்புக்குச் சற்றுக் கீழே, உறுதியான எலும்பின் மேல் இருக்க வேண்டும்.
- 10 முதல் 12 அடி நீளமுள்ள பருத்திப் பிடிகயிறு. நைலான் கயிறு கையை அறுக்கும்.
- உமி அல்லது தேங்காய் நார்க்கழிவு நிரப்பிய சாக்கு மூட்டைகள், எட்டு முதல் பத்து.
- மூடிய காலணி. செருப்போடு குதிரைப் பயிற்சி வேண்டாம்.

கடிவாளம் ஆரம்பத்தில் தேவையில்லை. முள் வைத்த கடிவாளம் எப்போதுமே கூடாது. வாயைக் கிழிக்கும் அந்தக் கடிவாளத்தை இழுவை மற்றும் சுமை விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு வதைத் தடுப்பு விதிகளும் தடை செய்கின்றன. வாய் வலிக்கும் குதிரை தலையைத் தூக்கும். தலையைத் தூக்கும் குதிரை நேராகப் பின்னே வராது.

நேரம்: காலை வெயில் ஏறுவதற்கு முன் 10 நிமிடம், மாலை 10 நிமிடம் போதும். தீவனம் வைக்கும் நேரத்தில் பழக்க வேண்டாம், கவனம் தொட்டியிலேயே இருக்கும். முதலில் ஐந்து நிமிடம் முன்னோக்கி நடத்தி உடலைச் சூடாக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

முதல் படி: அழுத்தத்துக்கு இணங்கக் கற்றுக்கொடுத்தல் (முதல் 3 நாட்கள்)

குதிரையின் நேர் முன்னால் நிற்காதீர்கள். அங்கே அதற்கு நம்மைச் சரியாகத் தெரியாது, பாய்ந்தால் நம் மீதுதான் வரும். அதன் இடப்பக்கம், கழுத்துக்கு அருகே, அதன் வாலைப் பார்த்தபடி நில்லுங்கள். இடது கையால் தாடைக்கு ஒரு சாண் கீழே பிடிகயிற்றைப் பிடியுங்கள். மீதக் கயிற்றை மடித்து வலது கையில் வைத்துக்கொள்ளுங்கள். எக்காரணம் கொண்டும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது.

இப்போது கயிற்றை மெதுவாகக் கீழேயும் பின்னேயும் அழுத்துங்கள். இது இழுப்பு அல்ல, கையின் எடையை வைப்பது போன்ற அழுத்தம். குதிரை தலையைச் சிறிது தாழ்த்தினாலோ, மூக்கை நெஞ்சுப் பக்கம் சற்று உள்ளே கொண்டுவந்தாலோ உடனே கையைத் தளர்த்துங்கள். தோள்மேட்டில், அதாவது பிடரி மயிர் முடியும் இடத்தில், நன்றாகச் சொறிந்துகொடுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று அந்த இடத்தில்தான் கடித்துச் சொறிந்துகொள்ளும். அங்கே சொறிந்தால் அமைதியாகிவிடும்.

"உடனே" என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். குதிரை ஒரு செயலைச் செய்த அந்தக் கணத்தில் அழுத்தம் நீங்கினால்தான் இரண்டையும் முடிச்சுப் போடும். ஐந்து விநாடி தாமதித்து விட்டால், அந்த ஐந்தாவது விநாடியில் அது என்ன செய்துகொண்டிருந்ததோ அதற்குத்தான் விடுதலை கிடைத்தது என்று புரிந்துகொள்ளும். அந்த நேரத்தில் தலையைத் தூக்கிக்கொண்டிருந்தால், தலையைத் தூக்கக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள்தான்.

இரண்டாம் படி: ஒரே ஓர் அடி (4 முதல் 7ஆம் நாள் வரை)

1. குதிரை நான்கு கால்களையும் சமமாக ஊன்றி, தலையும் உடலும் ஒரே கோட்டில் இருக்கும்படி நிறுத்துங்கள். கோணலாக நின்றால் முன்னோக்கி இரண்டடி நடத்தி நேராக்கிக்கொள்ளுங்கள். கோணலாக நிற்கும் குதிரை நேராகப் பின்னே போக வழியில்லை.
2. அமைதியான குரலில் "பின்னே" என்று ஒருமுறை சொல்லுங்கள். எந்தச் சொல்லாகவும் இருக்கலாம். ஆனால் வீட்டில் எல்லோரும் அதே சொல்லைத்தான் பயன்படுத்த வேண்டும்.
3. இரண்டு விநாடி காத்திருங்கள்.
4. அசையவில்லையெனில் கயிற்றில் இலேசான அழுத்தம் கொடுங்கள். கூடவே வலது கைப் பெருவிரலால் அதன் நெஞ்சும் தோளும் சேரும் பள்ளத்தில் அழுத்துங்கள்.
5. அப்போதும் அசையவில்லையெனில் அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். தொடர்ந்து இழுக்காமல் அழுத்தி, தளர்த்தி, மறுபடி அழுத்துங்கள்.
6. எடையைப் பின்னே சாய்த்தாலே போதும், விட்டுவிடுங்கள். முதல் நாளில் அதுதான் வெற்றி. கால் எடுத்து வைப்பது தானாக வரும்.
7. ஓர் அடி வைத்ததும் நிறுத்தி, சொறிந்துகொடுத்து, ஓர் அடி முன்னே நடத்துங்கள்.

கடைசியாகச் சொன்ன முன்னடியை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு முறையும் பின்னே போனதும் முன்னே ஓர் அடி வைக்கவில்லையென்றால், வேலையிலிருந்து தப்பிக்கப் பின்வாங்கும் பழக்கம் சில குதிரைகளுக்கு வந்துவிடும்.

ஒரு வேளைக்கு ஐந்து அல்லது ஆறு முறை போதும். நன்றாகச் செய்த ஒரு முறையோடு பயிற்சியை முடித்துவிடுங்கள். "இன்னும் ஒரு தடவை பார்ப்போம்" என்பதுதான் பெரும்பாலும் கெடுக்கிறது. வெல்லம் கொடுக்க விரும்பினால் கையில் வைத்து நீட்டாமல் தொட்டியில் போடுங்கள். கையில் தின்று பழகிய குதிரை கையைக் கடிக்கப் பழகும்.

மூன்றாம் படி: நேராக்குதல் (இரண்டாவது வாரம்)

ஓர் அடி எளிதாக வந்தபின் இரண்டு, மூன்று, நான்கு என்று கூட்டுங்கள். நாளொன்றுக்கு ஓர் அடிக்கு மேல் கூட்ட வேண்டாம். மூன்றாவது, நான்காவது அடியில்தான் கோணல் தெரியத் தொடங்கும். பெரும்பாலும் பின்பாகம் வலப்பக்கம் விலகும். காரணம், நாம் எப்போதும் இடப்பக்கம் நின்று, தெரியாமலே தலையை நம் பக்கம் இழுக்கிறோம்.

இதைத் திருத்த ஒரு விதியை மட்டும் நினைவில் வையுங்கள்: பின்பாகம் எந்தப் பக்கம் விலகுகிறதோ, மூக்கையும் அந்தப் பக்கமே சற்றுத் திருப்புங்கள். பின்பாகம் வலப்பக்கம் போனால் மூக்கை வலப்பக்கம் நகர்த்துங்கள். பின்பாகம் இடப்பக்கம் திரும்பி நேருக்கு வரும். டிராக்டரில் இரண்டு சக்கர டிரெய்லரைப் பின்னுக்கு எடுத்தவர்களுக்கு இது உடனே புரியும். டிரெய்லரின் பின்புறம் இடப்பக்கம் போக வேண்டுமானால் ஸ்டீயரிங்கை வலப்பக்கம்தானே திருப்புகிறோம்? அதே கணக்குதான். டிரெய்லரைப் போலவே இங்கும் சிறிது திருப்பினால் போதும். அதிகம் திருப்பினால் மறுபக்கம் கோணும். நேரானதும் மூக்கை நடுவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

இரண்டடிக்குள் நேராகவில்லையெனில் பின்னே போவதை நிறுத்துங்கள். முன்னே நடத்தி, நேராக்கி, மறுபடி தொடங்குங்கள். கோணலாகவே பத்தடி போவதைவிட நேராக இரண்டடி போவது மேல்.

உதவிக்கு இரண்டு வழிகள்:

சுவர் அல்லது வேலி: குதிரையின் வலப்பக்கம் வழவழப்பான சுவரோ பலகை வேலியோ இருக்கும்படி நிறுத்தி, நீங்கள் இடப்பக்கம் நின்று பழக்குங்கள். பின்பாகம் வலப்பக்கம் விலகச் சுவர் இடம் கொடுக்காது. சுவருக்கும் குதிரைக்கும் நடுவே ஆள் நிற்கவே கூடாது. முள்கம்பி வேலி கூடாது.

மூட்டைத் தடம்: உமி மூட்டைகளை இரண்டு வரிசையாக, 12 அடி நீளத்துக்கு, நடுவே நான்கடி அகலம் விட்டு அடுக்குங்கள். முதலில் குதிரையை அதன் வழியே முன்னோக்கிப் பலமுறை நடத்தி அச்சம் தெளியவிடுங்கள். பிறகு பாதி தூரம் முன்னே கொண்டுபோய், அங்கிருந்து பின்னே கொண்டுவாருங்கள். வந்த வழியே திரும்புவது அதற்குத் தைரியம் தரும். பழகியபின் அகலத்தை மூன்றரை, மூன்று அடியாகக் குறைக்கலாம். மூங்கில், பிளாஸ்டிக் குழாய், செங்கல் வேண்டாம். மூங்கில் மிதிபட்டால் பிளந்து குத்தும், குழாய் உருளும், செங்கல் காலைச் சிராய்க்கும். தரையில் கயிறு போட்டால் காலில் சிக்கும்.

பாதி நாட்கள் இடப்பக்கமும் பாதி நாட்கள் வலப்பக்கமும் நின்று பழக்குங்கள். ஒரே பக்கம் நின்றால் அந்தப் பக்கத்துக் கோணல் நிலைத்துவிடும்.

நான்காம் படி: வாரிலும் வண்டியிலும் (மூன்றாவது வாரத்துக்குப் பிறகு)

"பின்னே" என்ற சொல்லுக்கும் இலேசான அழுத்தத்துக்கும் ஆறேழு அடி நேராக வந்தால் மட்டும் கடிவாளத்துக்குச் செல்லுங்கள். முள் இல்லாத, வழவழப்பான கடிவாளம் போதும். இரண்டு வார்களையும் சமமாகப் பிடித்து, முதலில் சொல், பிறகு விரல்களை மூடும் அளவுக்கு அழுத்தம், அடி வைத்ததும் விரல்களைத் திறத்தல். ஏறி உட்கார்ந்து பழக்குபவர்கள் உடலைப் பின்னே சாய்க்கக் கூடாது. அந்த எடை முதுகை அழுத்தி, இடுப்பைத் தாழ்த்த விடாமல் செய்யும்.

வண்டியில் பூட்டிப் பின்னே நடத்த, குதிரையின் பின்தொடையைச் சுற்றி வந்து இரு ஏர்க்கால்களிலும் மாட்டப்படும் அகல வார் கட்டாயம் இருக்க வேண்டும். குதிரை அந்த வாரில் உட்காருவதுபோல் அழுத்தித்தான் வண்டியைப் பின்னே தள்ளுகிறது. அந்த வார் இல்லாவிட்டால் பாரம் முழுவதும் கழுத்திலும் முதுகுச் சேணத்திலும் ஏறிப் புண்ணாகும். வரிசை இதுதான்:

1. வண்டி இல்லாமல் வார்களை மட்டும் மாட்டி, இருவர் இரு பக்கமும் தள்ளி நின்று பின்தொடை வாரை இலேசாக முன்னோக்கி இழுத்து, அந்தத் தொடுதலுக்குப் பழக்குங்கள்.
2. காலி வண்டியில் பூட்டி முன்னோக்கி ஓட்டிப் பழக்குங்கள்.
3. சமதளத்தில், தலைப்பக்கம் ஓர் ஆள் நிற்க, காலி வண்டியோடு இரண்டடி பின்னே நடத்துங்கள். நான்கு அடியைத் தாண்ட வேண்டாம்.

பாரம் ஏற்றிய வண்டியைக் குதிரையை வைத்துப் பின்னே தள்ளாதீர்கள். மேட்டில் அறவே கூடாது. பாரத்தை இறக்கிவிட்டு வண்டியைக் கையால் தள்ளுவதே முறை.

லாரியிலிருந்து இறக்கும்போது

திரும்ப இடம் இருக்கும் வண்டியென்றால் திருப்பி முன்னோக்கியே இறக்குங்கள். இடம் இல்லாதபோதுதான் பின்நடை.

- லாரியை அதன் தளத்தின் உயரத்துக்குச் சமமான மண்மேட்டை ஒட்டி நிறுத்த முடிந்தால் அதுவே சிறந்தது. இல்லையெனில் அகலமான, வழுக்காத சாய்வுப் பலகை வேண்டும். மேலே ஈரச் சாக்கோ மண்ணோ போட்டால் பிடிமானம் கிடைக்கும்.
- தலைக்கயிற்றை முதலில் அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, அதன்பிறகுதான் பின்கதவைத் திறக்க வேண்டும். கட்டிய நிலையில் கதவைத் திறந்தால், வெளிச்சம் கண்டு பின்னே பாயும் குதிரை கயிறு இழுத்து மிரண்டு விழும்.
- உதவிக்கு நிற்பவர்கள் பலகையின் இரு பக்கமும் சற்றுத் தள்ளி நிற்க வேண்டும். நேர் பின்னால் யாரும் நிற்கக் கூடாது.
- ஓர் அடி, நிறுத்தம், மறுபடி ஓர் அடி. தளம் முடிந்து பலகை தொடங்கும் இடத்தை அதற்குப் பார்க்க முடியாது. அந்த இடத்தில் நிறுத்தி, காலால் தடவி அறிய நேரம் கொடுங்கள்.

இதற்கு வீட்டிலேயே ஒத்திகை பார்க்கலாம். நான்கு விரல் உயரமுள்ள மண் திட்டு ஒன்று அமைத்து, அதன்மேல் முன்னோக்கி ஏற்றி, பின்னோக்கி இறக்கிப் பழக்குங்கள். சந்தைக்குப் போகும் நாளில் முதன்முதலாகப் பழக்க நினைத்தால், நாங்கள் அன்று செய்ததைத்தான் நீங்களும் செய்வீர்கள்.

முரண்டு பிடித்தால் முதலில் வலியைத் தேடுங்கள்

நேற்றுவரை நன்றாக வந்த குதிரை இன்று மறுத்தால் அதைப் பிடிவாதம் என்று எண்ணி அடிக்காதீர்கள். கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்:

- வாயில் புண், கூர்மையான கடைவாய்ப் பல். கடிவாளம் மாட்டும்போது மட்டும் தலையைத் தூக்கும்.
- முதுகில் சேணப் புண். கையால் அழுத்தினால் முதுகைக் குழிக்கும்.
- அதிகம் வளர்ந்த குளம்பு, தேய்ந்த அல்லது ஆடும் லாடம். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவி லாடத்தைச் சரிசெய்ய வேண்டும்.
- குளம்பு சூடாக இருத்தல், முன்னங்கால்களை முன்னே நீட்டி நிற்றல். இது குளம்பழற்சியாக இருக்கலாம். தானியம் அதிகம் தின்ற குதிரைக்கு வரும், அவசரச் சிகிச்சை தேவை.
- எப்போதும் ஒரே பக்கம் கோணுதல். அந்தப் பின்னங்கால் முட்டியிலோ இடுப்பிலோ வலி இருக்கலாம்.
- பின்னே நடக்கும்போது மட்டும் பின்னங்காலை உயரத் தூக்கி நடுங்குதல், கால்களைப் பின்னிக்கொள்ளுதல், குளம்பு நுனியைத் தரையில் இழுத்தல். இவை நரம்புக் கோளாறின் அறிகுறிகளாக இருக்கலாம். கால்நடை மருத்துவர்கள் குதிரையைப் பின்னே நடத்திப் பார்ப்பதே இவற்றைக் கண்டுபிடிக்கத்தான்.
- விட்டு விட்டுக் காய்ச்சல், மெலிவு, வயிற்றடியிலும் கால்களிலும் வீக்கம், பின்பாகம் தள்ளாடுதல். ஈக்கள் கடித்துப் பரப்பும் சர்ரா நோயில் இவை காணப்படும். இரத்தப் பரிசோதனை அவசியம்.

நான் வேளாண் விரிவாக்கத் துறையைச் சேர்ந்தவன். மருந்து சொல்வது என் வேலையல்ல. இவற்றில் எது தெரிந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தை அணுகுங்கள். அவசரத்துக்குக் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962. சிறு காயம் பட்டாலும் ரண ஜன்னித் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ரண ஜன்னி குதிரைகளை மிக எளிதில் தாக்கும்.

பொதுவாகச் செய்யும் தவறுகள்

- நெஞ்சில் குச்சியால் குத்துவதும் முகத்தில் சாட்டையை வீசுவதும். குதிரை பின்னே போகும், ஆனால் தலையைத் தூக்கிக் கோணலாகத்தான் போகும்.
- தண்டனையாகப் பின்னே ஓட விடுவது. பிறகு "பின்னே" என்ற சொல்லைக் கேட்டாலே மிரளும்.
- அடி வைத்த பிறகும் அழுத்தத்தை விடாமல் வைத்திருப்பது. எதற்காக நகர வேண்டும் என்றே அதற்குப் புரியாமல் போகும்.
- ஒருவர் பழக்க, நான்கு பேர் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொல்வது.
- ஒரே நாளில் முடிக்க நினைப்பது.

மேலே சொன்ன நாள் கணக்கு ஒரு வழிகாட்டிதான். மிரண்டு பழகிய குதிரைக்கு இரண்டு மாதமும் ஆகலாம், சாதுவான குதிரை பத்து நாளில் கற்றும் விடலாம். அடுத்த படிக்குப் போகலாமா என்று சந்தேகம் வந்தால் முந்தைய படியிலேயே இன்னும் இரண்டு நாள் இருங்கள்.

அடுத்த முறை குதிரை வாங்கப் போகும்போது, பல்லையும் சுழியையும் பார்த்தபின், விற்பவரிடம் நாலு அடி பின்னே நடத்திக் காட்டச் சொல்லுங்கள். தலை தாழ்ந்து, இரண்டு தாளமாக, நேராக வந்தால் உடலும் பழக்கமும் நன்றாக இருக்கின்றன என்று ஓரளவு நம்பலாம். தலையைத் தூக்கிக் கோணினால் காரணத்தைக் கேளுங்கள், விலையை அதன்பிறகு பேசுங்கள்.